பஞ்ச் மெஷின் காட்டும் நேரமும் சம்பளச் சீட்டில் வரும் நேரமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

#1 நிமிடமுள்

வருகைப் பதிவைக் கூட்டினால் ஒரு மணிக்கணக்கு வருகிறது, சம்பளச் சீட்டில் வேறொன்று இருக்கிறது. நடுவில் காணாமல் போகும் நேரம் எங்கே போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் இந்த இழையில் பேசுவோம். "எல்லாக் கம்பெனியும் இப்படித்தான்" என்ற புலம்பலுக்கு வேறு இழைகள் இருக்கின்றன. சம்பளக் கணக்குப் போடுகிறவர்களும் தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்களும் எழுதினால் நல்லது. முதல் கேள்வி: சீட்டைக் கையில் எடுத்தவுடன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

#2 கூலிக்கணக்கு

முதலில் பார்க்க வேண்டியது கட்-ஆஃப் தேதி. பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும். பல இடங்களில் மாதம் 1 முதல் 30 வரை சம்பளம் என்றாலும், ஓ.டி.யும் (கூடுதல் நேர வேலை) லீவும் போன மாதம் 26 முதல் இந்த மாதம் 25 வரை எடுக்கப்படும். 27-ஆம் தேதி பார்த்த ஓ.டி.யை அந்த மாதச் சீட்டில் தேடினால் கிடைக்காது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு கூட்டலைத் தொடங்குங்கள்.

அது சரியாக இருந்தும் இடிக்கிறதென்றால், நேரம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் கரைந்திருக்கும்.

முதலாவது, கால் மணிக்கு முழுமையாக்குவது. ஷிப்ட் 9:00 முதல் 17:30 வரை. பஞ்ச் 8:48, 17:41. உள்ளே வரும் நேரத்தை மேலே தள்ளி 9:00 ஆக்கி, வெளியே போகும் நேரத்தைக் கீழே இழுத்து 17:30 ஆக்கினால் ஒரே நாளில் 12 + 11 = 23 நிமிடம். 22 வேலை நாளுக்கு 506 நிமிடம், அதாவது 8 மணி 26 நிமிடம். மாதம் கிட்டத்தட்ட ஒரு முழு ஷிப்ட்.

இரண்டாவது, சாப்பாட்டு இடைவேளையை மென்பொருள் தானாகவே கழிப்பது. இடைவேளை எடுத்தீர்களா என்று அது கேட்காது. தினம் 30 நிமிடம் என்றால் 22 நாளில் 11 மணி.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. 7 மணி 45 நிமிடத்தை 7.45 என்று அடிப்பார்கள். தசமத்தில் அது 7.75. நாளுக்கு 18 நிமிடம் போச்சு. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, ஆனால் வருடக்கணக்கில் ஓடும்.

#3 மேசைக்கு அந்தப்பக்கம்

கால் மணிக் கணக்கே திருட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கூட்டாட்சி விதியில் 5 நிமிடம், 6 நிமிடம், 15 நிமிடம் எனக் கிட்டத்தட்டக் கணக்கிட இடம் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: நாள்பட நாள்பட அது இரு பக்கமும் சமமாகி, உழைத்த நேரம் முழுவதற்கும் கூலி கிடைத்திருக்க வேண்டும். 8:48 என்பது 8:45 ஆக வேண்டும், 8:53 என்பது 9:00 ஆகலாம். கூலிக்கணக்கு சொன்ன உதாரணத்தில் இரண்டு முனையிலும் தொழிலாளிக்கே நட்டம். அதை எந்த விதியும் காப்பாற்றாது.

இன்னொன்று. 8:48-க்குப் பஞ்ச் அடித்துவிட்டு 9:00 வரை கேன்டீனில் உட்கார்ந்திருந்தால் அந்த 12 நிமிடம் வேலை நேரமே இல்லை. பஞ்ச் என்பது கதவைத் தாண்டிய நேரம். வேலை நேரம் வேறு.

#4 நிமிடமுள்

அப்படியென்றால் வேலை நேரம் எங்கே தொடங்குகிறது?

#5 சட்டப்புள்ளி

அலுவலகம், வணிக நிறுவனங்களுக்கான 1930-ஆம் ஆண்டு ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 30-ஆவது உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது: தொழிலாளி வேலையளிப்பவரின் ஏவலுக்கு உட்பட்டு இருக்கும் நேரம் வேலை நேரம், ஏவலுக்கு உட்படாத ஓய்வு அதில் சேராது. கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். அந்த 12 நிமிடத்தில் அவர் எழுந்து வெளியே போயிருக்க முடியுமா? முடியும் என்றால் அது அவருடைய நேரம். சூப்பர்வைசர் "8:45-க்கு லைனில் நில், மெஷினைத் துடை, போன ஷிப்டிடம் கணக்கு வாங்கு" என்று சொல்லியிருந்தால் அது வேலை.

அமெரிக்காவில் இதை நிமிடம் நிமிடமாக வழக்காடிப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்கு இன்றியமையாத பாதுகாப்பு உடையை மாட்டிய பிறகு வேலையிடத்துக்கு நடக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-இல் அதே நீதிமன்றம், கிடங்குத் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து சோதனை வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி கூலி இல்லை என்றது. 2020-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தன் மாநிலச் சட்டத்தின்படி பைச் சோதனை நேரத்துக்குக் கூலி உண்டு என்றது. ஒரே வரிசைதான், சட்டம் மாறினால் விடையும் மாறுகிறது. ஆகவே "எங்கேயோ ஜெயித்தார்கள்" என்று கேட்டதை வைத்து இறங்காதீர்கள். உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தில் 'வேலை நேரம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று முதலில் பாருங்கள்.

#6 ஹெட்செட்

கால் சென்டர் மாதிரி இடங்களில்? கம்ப்யூட்டரைப் போட்டு, கடவுச்சொல் அடித்து, மூன்று மென்பொருள் திறந்த பிறகுதான் லாகின் பதிவாகிறது. அதற்கு முந்தைய ஐந்தாறு நிமிடம் எந்தக் கணக்கிலும் இல்லை.

#7 சட்டப்புள்ளி

இதுவும் அமெரிக்காவில் தீர்ப்பான விஷயம். 2021-இல் 10-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2022-இல் 9-ஆவது வட்டமும், கம்ப்யூட்டர் இல்லாமல் அந்த வேலையே இல்லை என்பதால் அதைத் திறக்கும் நேரம் வேலையின் பகுதி என்றே எடுத்துக்கொண்டன. முதல் வழக்கில் பேசப்பட்டது நாளுக்கு இரண்டு நிமிடம் அளவுதான். "அற்ப நேரம்" என்ற வாதம் ஏற்கப்படவில்லை, ஏனென்றால் அது தினமும் வருவது, அளக்கக்கூடியது.

#8 கூலிக்கணக்கு

ஹெட்செட்டுக்கு நடைமுறையாக ஒரு வழி. கம்ப்யூட்டர் எப்போது உயிர்பெற்றது என்பது அதன் நிகழ்வுப் பதிவேட்டில் இருக்கும், அழைப்பு மென்பொருளின் லாகின் நேரம் தனியாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். திங்களன்று, அப்டேட் வந்த மறுநாள், பழைய மெஷின் கிடைத்த நாள் எல்லாம் அதில் வர வேண்டும். சராசரியைச் சொல்லும்போது மிகக் குறைந்த நாளையும் மிக அதிக நாளையும் சேர்த்தே சொல்லுங்கள். "தினமும் 15 நிமிடம்" என்று உருண்டையாகச் சொன்னால் எதிர்த்தரப்பு ஒரே ஒரு 4 நிமிட நாளைக் காட்டி முழுக் கணக்கையும் உடைத்துவிடும்.

#9 சீருடை

இடைவேளைக்கு வருவோம். தட்டு மேசையில் இருக்கிறது, ஆனால் போன் வந்தால் எடுக்க வேண்டும், வாடிக்கையாளர் வந்தால் எழ வேண்டும். இது இடைவேளையா?

#10 சட்டப்புள்ளி

இல்லை. அமெரிக்க விதியில் சாப்பாட்டு நேரம் கழிக்கப்பட வேண்டுமென்றால் வேலையிலிருந்து முற்றாக விடுபட்டிருக்க வேண்டும், சாதாரணமாக 30 நிமிடமாவது. 5 முதல் 20 நிமிடம் வரையிலான டீ இடைவேளை அங்கே கூலிக்கு உட்பட்ட நேரம். மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டு போன் எடுப்பது வேலைதான்.

இரவுத் தங்கலில் இவ்வளவு தெளிவு கிடையாது. பிரிட்டனில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பராமரிப்பு இல்லங்களில் தூங்க அனுமதியோடு தங்கும் ஊழியருக்கு, விழித்து வேலை பார்த்த நேரம் மட்டுமே குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேரும் என்றது. அந்த மாதிரி வேலையில் எத்தனை முறை எழுப்பப்பட்டார் என்ற குறிப்புத்தான் சம்பளமே.

#11 மேசைக்கு அந்தப்பக்கம்

"அனுமதி வாங்காத ஓ.டி.க்குக் காசு இல்லை" என்று சுற்றறிக்கை போட்டு நிம்மதியாக இருக்கும் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சட்டத்தில் வேலை நடப்பது தெரிந்தும் விட்டுவைத்தால் அது வேலை நேரமே. விதியை மீறியவருக்கு மெமோ கொடுக்கலாம், கூலியை மறுக்க முடியாது. ஆறு மணிக்கு "நாளைக் காலை அறிக்கை வேண்டும்" என்று மெசேஜ் அனுப்பிவிட்டு, ஓ.டி. அனுமதி எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

#12 தராசு

மணியைப் பிடித்தாயிற்று. விகிதத்தை யாரும் தொடவில்லையே. பெரிய ஓட்டை அதில்தான் இருக்கிறது.

மாதச் சம்பளத்தை மணிக்கூலியாக்கும்போது எதால் வகுக்கிறார்கள் என்று பாருங்கள். வாரம் 48 மணி வேலை என்றால் 48 × 52 ÷ 12 = 208 மணி. 26 நாள் × 8 மணி என்றாலும் அதே 208. 30 நாள் × 8 என்று போட்டால் 240. சம்பளம் 20,800 என்று வையுங்கள், எந்த நாட்டுக் காசானாலும் சரி. 208-ஆல் வகுத்தால் மணிக்கு 100. 240-ஆல் வகுத்தால் 86.67. இரட்டிப்பு விகிதத்தில் 20 மணி ஓ.டி.க்கு முதலாவதில் 4,000, இரண்டாவதில் 3,466.67. வகுக்கும் எண்ணை மாற்றியதில் மட்டும் 533.33 போய்விட்டது. வாரம் 40 மணி என்றால் வகுக்க வேண்டியது 173.33.

இதில் ஒரு தந்திரம் உண்டு: லீவு போட்டால் பிடித்தம் செய்ய 26, ஓ.டி. கொடுக்க 30. ஒரே சீட்டில் இரண்டு வகுஎண் இருந்தால், அது எந்த ஒப்பந்த வரியின்படி என்று கேளுங்கள். பதில் வர நாளாகும்.

அடுத்தது, எந்தச் சம்பளத்தை வகுப்பது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், 1948-இன் 59-ஆவது பிரிவு ஓ.டி.க்குச் சாதாரண விகிதத்தின் இரு மடங்கு என்றது. அந்தச் சாதாரண விகிதத்தில் அடிப்படைச் சம்பளத்தோடு படிகளும் சேரும், போனஸும் ஓ.டி.யும் சேராது என்றும் சொன்னது. அப்படியிருந்தும் வெறும் அடிப்படையை மட்டும் வகுத்து ஓ.டி. கொடுத்த இடங்கள் ஏராளம்.

#13 சட்டப்புள்ளி

தராசு சொன்னதற்கு ஒரு சேர்க்கை. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019, கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரு மடங்கு அப்படியே தொடர்கிறது. 'ஊதியம்' என்பதன் பொருள் மாறியிருக்கிறது: விலக்கப்பட்ட படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்த்துக்கொள்ளப்படும். அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஊதிப் பெருக்கும் வேலை இனி அவ்வளவு பலன் தராது.

இரட்டிப்பு என்பதைத் தொட்டுப் பார்த்த கதையும் உண்டு. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு, தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி வரை வேலை, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு வேண்டாம் என்று அறிவிக்கை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்தக் காலத்துக்குச் சட்டப்படியான ஓ.டி.யைக் கொடுக்கச் சொன்னது.

#14 பீஸ்ரேட்

உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களுக்கு ஓ.டி.யே இல்லை என்கிறார்களே?

#15 தராசு

நாட்டுக்கு நாடு வழிமுறை வேறு. அமெரிக்க முறை (வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு) கணக்குப் பழகச் சுலபம். வாரம் 50 மணியில் உருப்படிக் கூலியாக 600 வந்தால், மணிக்கு 12. அந்த 50 மணிக்கும் ஒரு மடங்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் 40-ஐத் தாண்டிய 10 மணிக்கு மீதி அரை மடங்கு மட்டும்: 6 × 10 = 60. மொத்தம் 660.

உற்பத்தி ஊக்கத்தொகையும் இதே போலத்தான். மணிக்கு 10 வீதம் 50 மணி, ஊக்கத்தொகை 50. மொத்தம் 550, வகுத்தால் மணிக்கு 11. அரை மடங்கு 5.50 × 10 = 55. ஆகவே 605. ஊக்கத்தொகையைத் தள்ளிவைத்துக் கணக்கிட்டால் 600. வாரத்துக்கு 5 தானே என்று தோன்றும். 52 வாரத்தால், பிறகு ஆள் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

இரண்டு வாரத்தைச் சேர்த்துச் சராசரி பார்க்கவும் அங்கே இடமில்லை. முதல் வாரம் 50, அடுத்த வாரம் 30, கூட்டினால் 80, ஆகவே ஓ.டி. இல்லை என்பது தப்பு. முதல் வாரத்துக்கு 10 மணி ஓ.டி. உண்டு.

#16 சீருடை

மூன்று நாள் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் கட் என்ற விதி?

#17 கூலிக்கணக்கு

மூன்று தாமதமும் சேர்த்து 21 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தது 240 நிமிடம். இந்தியாவில் 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9-ஆவது பிரிவே, வராத நேரத்துக்கு ஏற்ற விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது. பத்துப் பேருக்குக் குறையாமல் சேர்ந்து, முன்னறிவிப்பின்றி, நியாயமான காரணமுமின்றி வராமல் இருந்தால் மட்டும் வேறு கணக்கு. புதிய தொகுப்பிலும் இதே கொள்கைதான். எச்.ஆர். கொள்கைக் கையேட்டில் அச்சடித்துவிட்டதால் சட்டமாகிவிடாது.

#18 நிமிடமுள்

சரி, ஓட்டைகள் தெரிந்துவிட்டன. நிரூபிப்பது? பதிவேடு முழுக்க அவர்கள் கையில்தானே?

#19 நோட்டுப்புத்தகம்

அதனால்தான் சொந்தக் குறிப்பு வேண்டும். தினமும் ஒரு வரி போதும்: தேதி, உள்ளே வந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், இடைவேளை உண்மையில் எத்தனை நிமிடம், வேலை முடிந்த நேரம், கூடுதலாக இருக்கச் சொன்னது யார், என்ன வேலை. அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதிய பக்கம் பார்த்தவுடனே தெரியும். 9:00, 9:00, 9:00 என்று வரிசையாக இருப்பதைவிட 8:52, 9:03, 8:57 என்று இருப்பதையே நம்புவார்கள்.

அதற்குத் துணையாகச் சம்பளச் சீட்டு, ஷிப்ட் அட்டவணையின் படம், வேலை சொல்லி வந்த மெசேஜ்கள், சொந்த போனின் இருப்பிட வரலாறு. இருப்பிடம் நீங்கள் அங்கே இருந்ததைத்தான் காட்டும், வேலை செய்ததைக் காட்டாது. அதைத் தனியாக நம்ப வேண்டாம். வாடிக்கையாளர் விவரம், கம்பெனி ஃபைல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். கூலி வழக்கு, ரகசியத் திருட்டு வழக்காகத் திரும்பிவிடும்.

பழைய மாதங்களுக்குக் குறிப்பே இல்லையா? நினைவிலிருந்து வார வாரியாக எழுதலாம், ஆனால் "மதிப்பீடு" என்று தலைப்பிலேயே போடுங்கள். விடுமுறை, லீவு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். லீவில் இருந்த ஒரு நாளுக்கு ஓ.டி. கேட்டுவிட்டால் மற்ற 200 நாளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

#20 சட்டப்புள்ளி

பதிவேடு இல்லாதது வேலையளிப்பவருக்குச் சாதகம் இல்லை என்பது பழைய சட்டம். 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மவுண்ட் கிளெமென்ஸ் பாட்டரி வழக்கில் சொன்னது: பதிவு வைக்க வேண்டியவர் சரியாக வைக்கவில்லை என்றால், தொழிலாளி நியாயமான ஊகத்துக்கு இடம் தரும் அளவு சான்று காட்டினால் போதும், மறுக்கும் சுமை மறுபக்கம் போய்விடும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 மே 14-இல் ஒரு படி மேலே போய், தினசரி வேலை நேரத்தை அளக்கும் புறவயமான, நம்பகமான, எளிதில் பார்க்கக்கூடிய முறையை வேலையளிப்பவர்கள் வைத்திருக்க உறுப்பு நாடுகள் கட்டாயப்படுத்த வேண்டும் என்றது. இந்திய ஊதியத் தொகுப்பில் கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலையளிப்பவர் மேல். ஆனால் எத்தனை மணி உழைத்தீர்கள் என்று நீங்கள் முதலில் சொல்லியாக வேண்டும். அதற்கு #19 தேவை.

#21 மேசைக்கு அந்தப்பக்கம்

கேட்கும் முறை பற்றி. "என் ஓ.டி. வரவில்லை" என்று வாயால் சொன்னால் "பார்க்கிறேன்" என்பதோடு முடியும். மெயிலில் இப்படிக் கேளுங்கள்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என் மூலப் பஞ்ச் பதிவு, அதில் செய்த திருத்தங்கள், யார் எப்போது திருத்தினார்கள், ஓ.டி. மணி எத்தனை, மணி விகிதம் எவ்வளவு, எதால் வகுத்தது. பெரும்பாலான வருகைப் பதிவு மென்பொருள்களில் திருத்த வரலாறு தனியாக இருக்கும். சூப்பர்வைசர் 19:20-ஐ 17:30 ஆக்கியிருந்தால் அதில் தெரியும். கூடவே உங்கள் கணக்கை ஒரு பக்கத்தில் இணையுங்கள்: தேதி, பதிவான மணி, கொடுத்த மணி, வித்தியாசம், விகிதம், தொகை. பக்கத்தின் அடியில் மொத்தம். சம்பளக் கணக்குக்காரர் பத்து நிமிடத்தில் சரிபார்க்கக்கூடியதாக இருந்தால் தவறு அங்கேயே திருத்தப்பட்டு, அடுத்த சீட்டில் நிலுவையாக வந்துவிட வாய்ப்பு அதிகம்.

#22 சட்டப்புள்ளி

காலக்கெடுவை மறக்க வேண்டாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இரண்டு ஆண்டு, வேண்டுமென்றே செய்ததென்றால் மூன்று. இந்தியத் தொகுப்பில் மூன்று ஆண்டு. கோரிய தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு சம்பள நாளும் தனிக் கடிகாரம். வழக்குப் போடும் வரை மிகப் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளுக்குள் மெயில் அனுப்பிக் காத்திருப்பது கடிகாரத்தை நிறுத்தாது.

வேலையை விடும்போது வரும் "முழு மற்றும் இறுதி" ரசீதில் தொகை எழுதாத இடம் இருந்தால் கையெழுத்து வேண்டாம். கட்டாயம் போட வேண்டிய நிலை வந்தால் "ஓ.டி. நிலுவைக்கு ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையால் எழுதி, பிரதியைப் படமெடுத்து வையுங்கள். காண்ட்ராக்டர் மூலம் வேலை என்றால் மனுவில் இருவரையும் சேருங்கள். காண்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் அவரை அமர்த்திய நிறுவனம் பொறுப்பு என்று இந்தியத் தொகுப்பு சொல்கிறது.

#23 ராப்பாடி

இரவு ஷிப்டில் தேதி மாறுகிறதே, அதை எந்த நாளில் சேர்ப்பது? எக்ஸெலில் கழித்தால் எதிர்ம எண் வருகிறது.

#24 கூலிக்கணக்கு

முடிவு நேரம் தொடக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால் 1 கூட்டிவிட்டுக் கழியுங்கள். எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1. அதனாலேயே இன்னொரு கண்ணி: வாரக் கூட்டல் 46:30 வர வேண்டிய இடத்தில் 22:30 என்று காட்டும், 24 மணியை ஒரு நாளாக விழுங்கிவிடும். நேர வடிவத்தில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால் சரியாகக் காட்டும். கூலியால் பெருக்கும் முன் 24-ஆல் பெருக்க வேண்டும். 46 மணி 30 நிமிடம் உள்ளே 1.9375 என்றுதான் இருக்கும். மணிக்கு 120 என்றால் நேரடியாகப் பெருக்கினால் 232.50, 24-ஆல் பெருக்கிய பிறகு 5,580.

#25 தராசு

தேதி விஷயம் அதைவிட முக்கியம். 18:00 முதல் மறுநாள் 5:00 வரை, இடைவேளை எதுவும் கழிக்காமல் 11 மணி என்று வைப்போம். நள்ளிரவில் மென்பொருள் வெட்டினால் முதல் நாள் 6, மறுநாள் 5. எந்த நாளும் ஓ.டி. வரம்பான 9 மணியைத் தாண்டவில்லை, ஓ.டி. பூஜ்யம். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு இதற்கென்றே இருந்தது: நள்ளிரவுக்குப் பின் உழைத்த நேரம் முந்தைய நாளோடு எண்ணப்பட வேண்டும். அப்படிச் சேர்த்தால் ஓ.டி. 2 மணி. வருகை மென்பொருளில் "நாள் தொடங்கும் நேரம்" என்ற அமைப்பு 00:00 என்று இருக்கிறதா, ஷிப்ட் தொடக்கத்தோடு கட்டியிருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள், ராப்பாடி. 00:00 என்றால் அந்த ஷிப்டில் இருக்கும் எல்லோருடைய கணக்கும் ஒரே மாதிரி தப்பாகியிருக்கும். தனி ஆளாகக் கேட்காமல் ஷிப்ட் ஆட்கள் பெயரெல்லாம் போட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள்.

#26 ராப்பாடி

00:00 என்றுதான் இருக்கிறது. பட்டியல் எடுக்கிறோம்.